ஒரு கரண்டித் தண்ணீர்

டிரம்மின் மூடியைக் கேத்தரின் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். உள்ளே இருப்பவை மூடியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிடும் என்பதுபோல.

மூன்று வீடு தள்ளி அம்மாவின் குரல் கேட்டது. "தொட்டி மூடி எங்கீங்க? இப்படித் தொறந்து போட்டா நான் என்னங்க பண்றது?"

கூடவே சூப்பர்வைசர் கலைவாணனின் செருமல்.

அம்மா ராஜமேரிக்கு டெங்குக் கொசு ஒழிப்பில் தினக்கூலி வேலை. டார்ச்சும் நீளக் காம்பு வைத்த வெள்ளைக் கரண்டியுமாகத் தெருத்தெருவாகப் போவாள். தண்ணீர் தேங்கிய எதையும் மொண்டு பார்ப்பாள். புழு இருந்தால் கொட்டச் சொல்வாள். பார்த்த வீட்டுச் சுவரில் சாக்பீஸால் தேதி போடுவாள்.

நாளெல்லாம் ஊரார் டிரம்மைத் திறக்கிறவள் சொந்த வீட்டு டிரம்மைத் திறந்ததில்லை. மகள் மீனுக்குப் பிடித்து வைத்த தண்ணீர் என்றே நினைத்திருந்தாள்.

டிரம்மில் இருந்தது மீனுக்கான தீனி. கொசுப்புழு.

பிளஸ் ஒன் படிக்கும் கேத்தரின் வளர்ப்பது ஃபைட்டர் என்ற வண்ண மீன். முதல் இரண்டு ஈட்டுக் குஞ்சுகளுக்கு முட்டை மஞ்சள் கரைத்துப் போட்டாள். தண்ணீர் கெட்டு மொத்தமும் செத்தன. மூன்றாவது ஈடுதான் கொசுப்புழு தின்று தேறியது. எண்பது குஞ்சு. வாலில் இப்போதுதான் சிவப்பும் நீலமும் இறங்குகின்றன. ஞாயிற்றுக்கிழமை சேலத்துக் கடைக்காரர் பார்த்து வாங்க வருகிறார்.

கொசு வந்து முட்டையிட மூடியை ஒரு விரல் தள்ளி வைப்பாள். தினமும் காலையில் வலை போட்டுப் பெரிய புழுக்களை எடுத்துவிடுவாள். ஒன்றைக்கூடப் பறக்க விட்டதில்லை. அப்படித்தான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆனால் போன மாதம் மொரப்பூரில் சித்தி மகள் கல்யாணம். மூன்று நாள். திரும்பி வந்து மூடியைத் திறந்தபோது தண்ணீர்மேல் கொசுக்கள் உரித்துவிட்டுப் பறந்த வெறும் தோல்கள் மிதந்தன.

பக்கத்து வீட்டுக் கோகிலவாணியின் பையன் நான்கு நாளாகத் தருமபுரியில் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். டெங்கு.

அழுக்குத் தண்ணீர்க் கொசுவால் டெங்கு வராது என்று கேத்தரின் போனில் தேடிப் படித்திருந்தாள். தன் டிரம்மில் வளர்வது எந்தக் கொசு என்று அவளுக்குத் தெரியாது. போனில் பார்த்த டெங்குக் கொசுப் படத்தில்போலக் காலில் வெள்ளைக் கோடு போட்டவை ஒன்றிரண்டைப் பார்த்திருக்கிறாள்.

குரல்கள் இரண்டு வீட்டுத் தொலைவுக்கு வந்துவிட்டன.

டிரம்மைச் சாய்க்கப் பார்த்தாள். அசைந்தது. சாய்த்தால் தண்ணீர் சந்து வழியே ஓடி நேராகச் சூப்பர்வைசரின் காலடிக்குப் போகும், புழுவோடு. விட்டாள். மறுபடி பிடித்தாள். மறுபடி விட்டாள். மீன் தொட்டிப் பக்கம் போனாள். ஆள் நிழல் கண்ட குஞ்சுகள் தீனிக்காக மேலே வந்து முட்டின. திரும்பி டிரம்முக்கே வந்தாள்.

வீட்டை ஒட்டிய சந்துக்குள் அம்மா மட்டும் வந்தாள். சூப்பர்வைசர் வாசலில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"தள்ளு."

"அம்மா, அது சும்மா…"

அம்மா மூடியைத் தூக்கி டார்ச் அடித்தாள். தண்ணீர் முழுக்க நெளிந்தது. வெளிச்சம் பட்டதும் அத்தனையும் ஒரே மூச்சில் அடிக்கு இறங்கின.

அம்மா டிரம்மைப் பார்த்தாள். மீன் தொட்டிகளைப் பார்த்தாள். கேத்தரினைப் பார்த்தாள். அடி விழும் என்று கேத்தரின் கன்னத்தை இறுக்கிக்கொண்டாள். விழவில்லை.

"என்னாம்மா மேரி, இருக்குதா?" வாசலிலிருந்து சூப்பர்வைசர் கேட்டார்.

"சுத்தமா இருக்குதுங்க சார்."

"அதெப்படிம்மா? காய்ச்சல் வந்த வூட்டச் சுத்தி ஒண்ணுகூட இல்லேன்னு போய்ச் சொன்னா சிரிக்க மாட்டாங்களா? இன்னிக்குக் காட்டலேன்னா நாளைக்கு நானே வூடு வூடா எறங்கிப் பாக்கறேன். அப்பக் கெடச்சா, இல்லேன்னு சொன்ன ஆளுக்கு வேலை இல்ல. அவ்ளோதான்."



அம்மா கரண்டியை டிரம்மில் விட்டு மொண்டாள். மொண்டதைத் திரும்பக் கொட்டவில்லை. கரண்டியை மட்டமாகப் பிடித்துக்கொண்டு, ஒரு சொட்டும் சிந்தாமல், இரண்டு வீட்டுக்கும் நடுவே குட்டைச்சுவர் இடிந்து கிடந்த இடைவெளி வழியாகக் கோகிலவாணியின் கொல்லைக்குள் நடந்தாள்.

அங்கே கோழிகளுக்குத் தண்ணீர் வைக்கும் மண்சட்டி இருந்தது. கோகிலவாணி ஆஸ்பத்திரியில் இருக்கும் இந்த நான்கு நாளும் கோழிகளைப் பார்த்துக்கொள்வது கேத்தரின்தான். இன்று காலையில்கூடச் சட்டியைத் தேய்த்துக் கழுவிப் புதுத் தண்ணீர் ஊற்றியிருந்தாள்.

அம்மா சட்டியின்மேல் குனிந்தாள். நிமிர்ந்தபோது கரண்டி காலியாக இருந்தது.

"சார், இங்க வாங்க. இருக்குது."

சூப்பர்வைசர் கோகிலவாணியின் வீட்டு வழியாகக் கொல்லைக்கு வந்தார். மாற்றுத்துணி எடுத்துப்போக அப்போதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்த கோகிலவாணி, கையில் பையோடு பின்னாலேயே வந்தாள்.

அவர் சட்டியை எட்டிப் பார்த்தார். "வூட்லயே கொசுவ வளத்து வுட்டுட்டு அங்க போய் உக்காந்து அழுதா எப்படிம்மா? யாரு ஊத்துன தண்ணி இது?"

கோகிலவாணி சட்டியைப் பார்த்தாள். பிறகு, சுவருக்கு இந்தப் பக்கம் நின்ற கேத்தரினைப் பார்த்தாள்.

"நான்தாங்க சார். ஆஸ்பத்திரிக்குப் போறப்ப ஊத்துனது. மாத்த ஆளில்ல."

அவர் பெயரை எழுதிக்கொண்டார். சட்டியைக் காலால் கவிழ்த்தார். அம்மா சாக்பீஸை எடுத்துச் சுவரில் தேதி போட்டாள். இருவரும் அடுத்த வீட்டுக்குப் போனார்கள்.

தருமபுரி பஸ் ஹாரன் அடித்தது. கோகிலவாணி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சுவரோரம் வந்தாள்.

"தண்ணி மாத்த மறந்துட்டியா கண்ணு? பரவால்ல, வுடு," என்றாள், தணிந்த குரலில். "உங்கம்மாகிட்டச் சொல்ல மாட்டேன்."