டாஷ்போர்டில் உருகிய சாக்லேட்

காரின் டாஷ்போர்டில் சாக்லேட்டை உருக்குகிறவன் இந்த ஊரிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அடுப்பு வேண்டாம், கொதிநீர் வேண்டாம். மத்தியான வெயிலில் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு நிறுத்திய கார் போதும். நான் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறேன். அந்த நேரத்துக்கு வண்டி எப்படியும் வாசலில் சும்மாதான் நிற்கும்.

அன்று மனைவி தூங்கிக்கொண்டிருந்தாள். சாக்லேட்டையும் வெண்ணெயையும் அகலமான எவர்சில்வர் பாத்திரத்தில் போட்டேன். கார் கண்ணாடியிலிருந்து தொங்கும் சென்ட் அட்டையை ஒதுக்கிவிட்டு உள்ளே வைத்தேன். மூடி போடக் கூடாது. மூடியில் வேர்த்து ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் சாக்லேட் திரிந்துவிடும். இந்தத் தொழில் ரகசியத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை, அவளிடம்கூட.

உருகியதை எடுத்துவந்து, கிரீமை ஊற்றிக் கலக்கி, கையால் நொறுக்கிய பிஸ்கட்டைக் கொட்டினேன்.

பிறகு அரை ஸ்பூன் உப்பு போட்டேன்.

தவறிப் போடவில்லை. தெரிந்தேதான் போட்டேன்.

என் மனைவிக்குப் பிஸ்கட் கம்பெனியில் ருசி பார்க்கும் வேலை. அங்கே அவளுக்குப் பட்டப்பெயர் தராசு. ஒரு கடி போதும், மாவு பழசா, வெண்ணெய் குறைவா, எல்லாம் சொல்லிவிடுவாள். அதே வேலையை வீட்டிலும் சம்பளமில்லாமல் பார்த்துவந்தாள். கல்யாணமான நாளிலிருந்து என் சமையலில் ஒரு குறையாவது சொல்லாமல் அவள் கை கழுவியதில்லை.

வெயில் காலம் தொடங்கும்போது அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது நாக்கையும் மூக்கையும் கூடவே எடுத்துக்கொண்டு போய்விட்டது.

அன்றிலிருந்து நான் எதைச் செய்து வைத்தாலும் நல்லா இருக்கு என்றாள். முதலில் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒருவழியாக என் அருமை தெரிந்துவிட்டது என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். பல் தேய்க்கும் பேஸ்ட்கூட மண் மாதிரி இருக்கிறது என்று அவள் உட்கார்ந்து அழுதபோதுதான் விஷயம் புரிந்தது.

நான் இந்த உப்பைப் போட்ட நாளுக்கு மறுநாள் காலையோடு அவளுடைய விடுப்பு முடிகிறது. மேனேஜர் முன்னால் வைக்கும் பிஸ்கட்டுகளைக் கடித்துப் பார்த்துச் சரியாகச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பேக்கிங் பிரிவுக்கு மாற்றிவிடுவார்களாம். அதே சம்பளம்தான் என்று பெரிய மனது பண்ணிச் சொல்லியிருந்தார்கள். தராசைக் கொண்டுபோய் டப்பா ஒட்ட உட்கார வைப்பதா? என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

நாக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டால், பார்க்கலாம் என்று மழுப்பினாள். அதனால்தான் உப்பு. வண்டி பழக வருகிறவர்களிடமும் நான் இப்படித்தான், வளைவு வரும் நேரமாகப் பார்த்து வேண்டுமென்றே பேச்சுக் கொடுப்பேன். தேறுகிறவர்கள் தேறிவிடுவார்கள். இவள் தேறிவிடுவாள் என்பதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. உப்பு பட்டதும் ஒரு திட்டு விழும், காது குளிரக் கேட்டுக்கொள்ளலாம் என்று தயாராக இருந்தேன்.

சாயங்காலம் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து, துண்டு போட்டு, இரண்டு கிண்ணங்களில் வைத்தேன். நன்றாக இறுகிப் பளபளவென்று இருந்தது. சும்மா சொல்லக் கூடாது, கடைக்காரன் கெட்டான்.

அவள் ஒரு துண்டை வாயில் போட்டு மெதுவாக மென்றாள்.

நல்லா இருக்கு என்றாள்.

அவள் இன்னொரு துண்டை எடுத்தாள். பிறகு இன்னொன்று. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பேக்கிங் பிரிவிலும் நல்ல மனிதர்கள் இருப்பார்கள், நாள் முழுக்க ஃபேன் ஓடும் என்று எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் நின்றேன். அவள் கிண்ணத்தை வழிக்கும் சத்தம் கேட்டது.

"உப்பு நீங்க வேணும்னே போட்டது, அதை விட்டுடறேன். உங்க கார்ல தொங்குற எலுமிச்சை சென்ட் வாசனை இதுக்குள்ள எப்படி வந்துச்சு?"

திரும்பினேன். அவள் சிரிக்கவில்லை. ஒரு புருவம் மட்டும் லேசாக ஏறியிருந்தது. அது அவளுடைய வேலை நேரத்து முகம். காய்ச்சலுக்குப் பிறகு அன்றுதான் அதைப் பார்த்தேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தோஷத்தில்தான், அதில் என்ன வெட்கம்?

எப்போது திரும்பி வந்தது என்று கேட்டேன். போன வாரமே வந்துவிட்டதாம். முதலில் சோப்பு வாசனை, அப்புறம் காபியின் கசப்பு. வெளியே சொன்னால் மறுபடியும் போய்விடுமோ என்று பயந்து வாயே திறக்கவில்லையாம்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. போன வாரமே வந்துவிட்டதென்றால், இந்தப் புதன்கிழமை நான் வைத்த காளான் சூப்பை இரண்டாம் முறை கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு நல்லா இருக்கு என்றாளே, அது நாக்கு வந்த பிறகு சொன்னது. தராசே சொன்னது. என் கை தானாகக் காலருக்குப் போனது.

அவள் அதைப் பார்த்துவிட்டாள்.

"அந்த சூப்பைப் பத்தி மட்டும் கேட்காதீங்க" என்றாள்.

சொல்லிவிட்டு, நான் தொடாமல் வைத்திருந்த என் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். இந்தத் தடவை நல்லா இருக்கு என்று சொல்லவில்லை. தின்று முடித்தாள்.