பதினைந்தாம் நாள்

"கையெழுத்துப் போடுங்க, இல்லாட்டி போடமாட்டேன்னு வாயைத் திறந்து சொல்லுங்க. சும்மா உக்காந்து கண்ணாடியைத் துடைச்சிட்டிருந்தா என்ன அர்த்தம்?"

லாவெர்ன் நின்றபடியே கேட்டாள். அமெரிக்க அரசின் முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் ஊழியர் சங்கப் பிரதிநிதி அவள். எதிரே பணியாளர் பிரிவு அதிகாரி ஹால்வர்சன்.

அதிபர் உத்தரவு போட்டுவிட்டார். நாளைக் காலையிலிருந்து அரசாங்கம் சங்கத்தோடு செய்துகொண்ட ஒப்பந்தம் செல்லாதாம். மாசக்கணக்காகப் பேசி வாங்கியது ஒரே காகிதத்தில் போச்சு. சங்க அறையை மதியமே பூட்டிவிட்டார்கள். அவளுடைய காப்பிக் குவளைகூட உள்ளே மாட்டிக்கொண்டது.

அது கிடக்கட்டும். சமையல்கட்டு வில்மாவை நினைத்தால்தான் மனசு ஆறவில்லை. நாற்றமெடுத்த கோழிக்கறியை நோயாளிகளுக்கு வைக்கமாட்டேன் என்றதற்கு வேலையை விட்டுத் தூக்கிவிட்டார்கள். அவளுக்காக லாவெர்ன் கொடுத்த முறையீடு கையெழுத்துப் படாமல் இந்த மேஜையில்தான் தூங்குகிறது.

பதினைந்து நாளுக்குள் அதிகாரி பதில் தராவிட்டால் முறையீடு ஜெயித்ததாக அர்த்தம். ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருக்கிறது. இன்று பதினாலாம் நாள். நாளைக்கு ஒப்பந்தமே கிடையாது. பாழாய்ப்போன ஒரே ஒரு நாள்.

"உக்காரும்மா. அஞ்சு மணி ஆகட்டும்" என்றார் ஹால்வர்சன்.

"அஞ்சானா கோட்டை மாட்டிக்கிட்டுக் கிளம்பிடுவீங்க. வில்மா வீட்டுக்காரருக்கு டயாலிசிஸ். வேலை போனா காப்பீடும் போயிடும், தெரியுமில்ல?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா இப்படிக் கல்லு மாதிரி உக்காந்திருக்கீங்க?"

போன் அடித்தது. ஹால்வர்சன் எடுத்தார். "ஆமா சார், மறுப்புக் கடிதம் தயார்... இல்ல சார், இன்னும் அனுப்பல... நாளைக்குக் காலையில முதல் வேலை அதுதான்." வைத்துவிட்டார்.

லாவெர்ன் மேஜையில் ஓங்கித் தட்டினாள்.

"ஓகோ. நாளைக்கு அனுப்பினா கேக்க நாதி இருக்காது. நல்லாத்தான் கணக்குப் போட்டிருக்கீங்க. உங்களை மாதிரி தலையாட்டறவங்க இருக்கறதாலதான் மேல இருக்கறவங்க இந்த ஆட்டம் ஆடறாங்க."

அவர் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து அடித்ததும் இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை நீட்டினார்.

"உன் முறையீட்டுக்கு ரசீது. வாங்கின அன்னிக்கே தந்திருக்கணும்."

வெடுக்கென்று பிடுங்கிப் பார்த்தாள். பெற்றுக்கொண்ட தேதி முத்திரை, இரண்டாம் தேதி என்றது. மை இன்னும் சரியாகக் காயவில்லை.

"நான் மூணாம் தேதிதானே குடுத்தேன்?"

"ரசீதுல ரெண்டுதான் இருக்கு. அப்படின்னா இன்னியோட பதினஞ்சு நாள் முடிஞ்சுது. ஒப்பந்தம் இன்னும் உசிரோட இருக்கு, நான் பதில் தரல. திங்கக்கிழமை வில்மாவை வேலைக்கு வரச்சொல்லு."

லாவெர்ன் தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள். "மேல இருக்கறவங்க உங்களைச் சும்மா விடுவாங்களா?" என்றாள் மெல்ல.

ஹால்வர்சன் கோட்டை மாட்டிக்கொண்டார். முகம் சிவந்திருந்தது.

"அந்த ஒப்பந்தத்துல அரசாங்கத்துக்காகக் கையெழுத்துப் போட்டவன் நான். எட்டு மாசம் உங்களோட மல்லுக்கட்டிட்டுத்தான் போட்டேன். குடுத்த வாக்கை மீறச் சொல்லி எனக்கு எவனும் உத்தரவு போடமுடியாது, லாவெர்ன்."