ஆகாசத்து மூணு வோல்ட்

"எவனோ என் மீட்டர்ல கை வச்சிருக்கான்! எவன்னு பேரைச் சொல்ல மாட்டேன். ஆனா அவனுக்கே தெரியும்!"

முதலாளி போட்ட கத்தலில் அலமாரியில் இருந்த பழைய மீட்டர்களின் முட்களெல்லாம் ஒருமுறை நடுங்கி அடங்கின.

கடையில் இருந்ததே மூன்று பேர். முதலாளி, அவர் மனைவி, மனைவியின் தம்பி. பேரைச் சொல்லாவிட்டால் என்ன, விரல் எந்தப் பக்கம் நீண்டது என்று எல்லாருக்கும் தெரிந்தது.

பழைய மின் அளவுக் கருவிகளை எடைக்கு வாங்கி, பிரித்து, அழுக்கெடுத்து, பழுது பார்த்து விற்கிற கடை. மேசை மேல் இருந்த வோல்ட் மீட்டர் வயதில் முதலாளிக்கு அண்ணன். தம்பிதான் அதைப் பிரித்து, பிரஷ்ஷால் தூசு தட்டி, துருப்பிடித்த திருகுகளை எண்ணெயில் ஊறவைத்து, முள்ளைத் தாங்குகிற முடி போன்ற கம்பியை மூச்சைப் பிடித்துக்கொண்டு நேராக்கியிருந்தான்.

வாங்குகிற ஆள் வரப்போகிற நேரம். முள்ளோ ஜீரோவில் படுக்காமல் மூன்றில் எழுந்து நின்றது.

"பேட்டரி போடலை. ஒயரே மாட்டலை. மூணு வோல்ட் எங்கேயிருந்துடா வருது? ஆகாசத்துலேருந்தா?"

"கொடுங்க மாமா, பார்க்கிறேன்."

தம்பி அதைப் பின்னறைக்குத் தூக்கிப் போனான். போன சூட்டோடு திரும்பி வந்தான். முள் சமர்த்தாக ஜீரோவில் படுத்திருந்தது.

"பார்த்தியா? ஒரு ஸ்க்ரூ டிரைவர்கூட எடுத்துட்டுப் போகலை. அதுக்குள்ள சரியாயிடுச்சு!" முதலாளி மனைவியிடம் வழக்கு வைத்தார். "கெடுத்தவனுக்குத்தானே சரி பண்ற சூட்சுமம் தெரியும்?"

"கெட்டாலும் திட்டு, சரியானாலும் திட்டா? நல்லா இருக்கே உங்க நியாயம்!"

"உன் தம்பி என் வியாபாரத்தைக் கவுக்கப் பார்க்கிறான்."

சொல்லிக்கொண்டே தோளில் கிடந்த மஞ்சள் நைலான் துணியை உருவினார். விற்கிற சாமானின் முகப்புக் கண்ணாடியைத் துடைப்பது அவர் பொறுப்பு. அந்தத் துணியை வேறு யாரும் தொடக்கூடாது. விலை பேச மனைவி இருந்தாள். அவளிடம் பேரத்தில் ஜெயித்தவர் யாரும் இல்லை. ஆனால் முதலாளியைக் கேட்டால், "சாமான் பேசாது, பளபளப்புதான் பேசும்" என்பார்.

நாலு இழுப்பு இழுத்தார். முகம் பார்க்கலாம் போல மின்னியது.

முள் ஐந்தில் நின்றது.

"அடப்பாவி! என் கண்ணு முன்னாடியேவா!"

"நான் இங்கே நிக்கிறேன் மாமா. மீட்டர் உங்க கையில இருக்கு."

"தூர நின்னே கெடுக்கிற அளவுக்கு வித்தை கத்துக்கிட்டியா? உண்ட வீட்டுக்கே ரெண்டகமா?"

தம்பியின் டூல்ஸ் பெட்டியை இரண்டு கையாலும் தூக்கினார். நேராகத் தெருவுக்குப் போய் டமாரென்று வைத்தார்.

"இனிமே இந்தப் படியை நீ மிதிக்கக்கூடாது!"

தம்பி போய்ப் பெட்டி மேலேயே உட்கார்ந்துகொண்டான், பஸ்ஸுக்குக் காத்திருப்பவன் மாதிரி.

அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தார் மீட்டர் வாங்க வேண்டிய அம்மாள். ஏதோ ஆய்வுக்கூடத்தில் வேலை. பெட்டியையும் அதன் மேல் இருந்த ஆளையும் சுற்றிக்கொண்டு உள்ளே வந்தார்.

"நல்ல மீட்டர்தான். ஒயரே இல்லாம அஞ்சு காட்டுதே?"

"கண்ணாடியில தூசும்மா. அதான் அப்படித் தெரியுது."

முதலாளி துடைத்தார். முள் ஏழுக்குப் போனது. வேர்த்துக் கொட்ட, இன்னும் அழுத்தித் துடைத்தார். ஒன்பது. அதற்கப்புறம் துணி போன பக்கமெல்லாம் முள்ளும் கன்றுக்குட்டி மாதிரி பின்னாலேயே ஓடியது.

"இதை நம்பி நான் எதை அளக்கிறது? வேற இடம் பார்த்துக்கிறேன்." அம்மாள் பையை மாட்டிக்கொண்டார்.

மனைவி வாசலுக்கு ஓடினாள். "டேய், உள்ளே வாடா!"

"மாமா படியை மிதிக்கக்கூடாதுன்னாரு."

"மிதிக்காதே. தாண்டி வா!"

தாண்டி வந்தான். மீட்டரிடம் குனிந்து, வாயைத் திறந்து, "ஹா..." என்று ஊதினான். கண்ணாடியில் ஆவி படர்ந்தது. முள் மயக்கம் போட்டு விழுந்த மாதிரி ஜீரோவில் படுத்தது.

அம்மாள் நெற்றியில் தட்டிக்கொண்டார்.

"அடடா, எனக்கு உறைக்கவே இல்லையே! சீப்பைத் தலையில தேய்ச்சா காகிதத்தை இழுக்குமே, அதே கதைதான். பிளாஸ்டிக் கண்ணாடியை நைலானால தேய்ச்சா மின்சாரம் ஏறி முள்ளை இழுக்குது. ஈரக்காத்து பட்டா இறங்கிடும். கட்டிக் கொடுங்க, எடுத்துக்கிறேன். தயவுசெஞ்சு துடைக்காதீங்க!"

மனைவி விலையை ஒரு பைசா இறக்காமல் முடித்தாள். அம்மாள் போனதும் தம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"இது உனக்கு எப்போலேருந்து தெரியும்?"

"முதல்லேருந்தே தெரியும்க்கா."

"ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சா என்னடா? இவ்வளவு ஏச்சும் பேச்சும் எதுக்கு வாங்கிக்கிட்ட?"

தம்பி குரலைத் தாழ்த்தினான்.

"பேரம் நீ பேசுற. ரிப்பேர் நான் பார்க்கிறேன். கடையில மாமாவுக்குன்னு இருக்கிறது அந்தத் துடைக்கிற வேலை ஒண்ணுதான். அதையும் எப்படிக்கா வேண்டாங்கிறது?"

தாழ்த்தியது போதவில்லை. முதலாளி மஞ்சள் துணியை நான்காக மடித்தார். எட்டாக மடித்தார். அதற்கு மேல் அது மடியவில்லை.

மனைவி அவர் பக்கம் திரும்பாமல், வாசலைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்:

"யாரோ ஒருத்தர் அந்தப் பெட்டியைத் தெருவுல வச்சிருக்கார். யாருன்னு பேரைச் சொல்ல மாட்டேன். ஆனா அவருக்கே தெரியும். அவரே போய்த் தூக்கிட்டு வந்து, இருந்த இடத்துலயே வைக்கட்டும்!"