இரண்டுக்கு ஒன்று

கோப்பையில் ரெசினை ஊற்றினான். அதை இறுகவைக்கும் ஹார்டனரை ஊற்றினான். கொஞ்சம் கூடுதலாகவே ஊற்றினான்.

சீக்கிரம் காயட்டும். நான்கு மணிக்குத் தரணி வந்துவிடுவான்.

ஐஸ் குச்சியால் கலக்கினான். குச்சி உடைந்தது. இன்னொன்றை எடுத்தான். அதை வேண்டுமென்றே உடைத்தான்.

கார் மனைவி வீட்டுச் சீர். கல்யாணத்தன்று மண்டப வாசலில் சிவப்பு ரிப்பன் கட்டிக்கொண்டு நின்றது. அவளுடைய முப்பதாம் நாள் காரியம் முடிந்து, சாப்பிட்ட கை காய்வதற்குள் மாமனார் பேச்சை எடுத்தார்.

"பாத்திரம் பண்டமெல்லாம் இங்கயே கெடக்கட்டுமுங்க மாப்ள. வண்டிய மட்டும் தரணி கேக்கறான்."

தரணி அவளுடைய தம்பி. அப்பாவின் முதுகுக்குப் பின்னால் நின்று செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

எடுத்துப்போகட்டும். இன்ஜின், டயர், சீட்டு, எல்லாவற்றையும்.

ஆறு துண்டுகளைத் தவிர.

டேஷ்போர்டின் குறுக்கே ஒரு பட்டை. கியரைச் சுற்றி ஒன்று. நான்கு கதவுகளுக்கு நான்கு. சாம்பல் நிற பிளாஸ்டிக்காக இருந்தவற்றைக் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கறுப்படித்து, கார்பன் ஃபைபர் துணி போர்த்தி, கண்ணாடி போல ரெசின் பூசியவள் அவள். நெசவுத் தொழில்நுட்பம் படித்தவள். கடையில் கேட்ட கூலியைக் கேட்டுச் சிரித்துவிட்டு, தானே உட்கார்ந்துவிட்டாள். நான்கு ஞாயிற்றுக்கிழமைகள்.

துணியின் சாய்வுக் கோடுகள் டேஷ்போர்டில் தொடங்கிக் கதவு வரை ஓடின. கதவை மூடினால் கோடு முறியாது.

பிறகு காய்ச்சல் வந்தது. மூன்று நாள்.

போன வாரம் ஆறையும் கழற்றினான். செய்தித்தாளில் சுற்றிப் பீரோவில் வைத்துப் பூட்டினான். உக்கடத்தில் பழைய சாமான் கடைகளில் அலைந்து அதே மாடலின் பட்டைகளை வாங்கி வந்தான். அவள் வாங்கியதில் மிச்சத் துணி இருந்தது.

அவளுக்குப் படிந்த துணி அவனுக்குப் படியவில்லை. வளைவில் வைத்தால் தூக்கியது. இழுத்தால் நூல் நூலாகப் பிரிந்தது. ஒரு கதவுப் பட்டையில் கோடுகள் எதிர்ப்பக்கம் சாய்ந்துவிட்டன. பிய்த்து எறிந்தான். சுவரில் பட்டு விழுந்ததை எடுத்து, மறுபடி தேய்த்தான்.

அவள் எதையும் பாதியில் விடுகிறவள் இல்லை. எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். சொன்னவர்களையெல்லாம் இழுத்துவந்து கேட்க வேண்டும்.

ஐந்து பட்டைகள் முடிந்து காரில் ஏறிவிட்டன. டேஷ்போர்டு பட்டைக்கு இது கடைசிப் பூச்சு. பூசி மொட்டை மாடியில் வெயிலில் வைத்தான்.

மூன்றரைக்கு எடுத்தான். மின்னியது. விளிம்பை மட்டும் பிடித்துக் கொண்டுபோய்ப் பொருத்தினான். தள்ளி நின்று பார்த்தான்.

யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

தரணி தனியாக வந்தான், பஸ்ஸில். தாடி வளர்ந்திருந்தது. செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று வாசலிலேயே நின்றான்.

இவன் உள்ளே கூப்பிடவில்லை. சாவியை நீட்டினான்.

"ஆள் போனதும் வண்டிக்கு வந்துட்ட."

தரணி சாவியை வாங்கிக்கொண்டான். கதவைத் திறந்து உட்கார்ந்தான். கண்ணாடியைத் திருப்பவில்லை, சீட்டை நகர்த்தவில்லை.

"வண்டிக்கு இல்லீங்க மாமா."

உள்ளங்கையை விரித்து டேஷ்போர்டு பட்டையின் மேல் வைத்தான்.

"ஒவ்வொரு கோட்டிங்குக்கும் அக்கா போட்டோ அனுப்புச்சு. ராத்திரி கூப்புட்டு அரை மணி நேரம் கிளாஸ் வேற. இதுக்குத்தானுங்க கேட்டேன்."

கண்களை மூடிக்கொண்டான். கை பட்டையிலேயே இருந்தது.

கையை எடுத்தபோது மெல்லிய சத்தம் கேட்டது. ஒட்டியிருந்த தோல் பிரியும் சத்தம்.

பட்டையில் ஐந்து விரல்களும் பதிந்திருந்தன.

தரணி அதைப் பார்த்தான். உள்ளங்கையைப் பார்த்தான். முகர்ந்தான்.

"ரெண்டுக்கு ஒண்ணுதானுங்களே மாமா." குரல் மிகவும் இறங்கியிருந்தது. "ஹார்டனர் ஜாஸ்தியாயிருச்சாட்ட இருக்குது."

ரெசின் இரண்டு பங்கு, ஹார்டனர் ஒரு பங்கு. கூடினால் சீக்கிரம் காயாது. நாளைக்கும் காயாது. அடுத்த வருடமும் காயாது. அவள் சொல்லியிருக்கிறாள். கோபத்தில் இவன் மறந்துபோனான்.

தரணி மறக்கவில்லை.

கேட்கட்டும். அசல் எங்கே என்று ஒரு வார்த்தை கேட்கட்டும். சட்டையைப் பிடிக்கக் கை தயாராக இருந்தது.

தரணி பேண்டில் கையைத் துடைத்தான். பிசுக்கு போகவில்லை. இறங்கிக் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினான். சாவியை இவன் கையில் வைத்தான்.

"காஞ்சதுக்கப்புறம் கூப்புடுங்க மாமா. வந்து எடுத்துக்கறேன்."

"காயாதுடா."

"தெரியுமுங்க."

கேட்டைத் தாண்டி நடந்தான். பஸ் நிறுத்தம் ஒன்றரைக் கிலோமீட்டர். வெயில் இன்னும் இறங்கவில்லை.

"நில்றா."

குரல் திட்டுவது போலத்தான் வந்தது.

"ஏறு. பஸ் ஸ்டாண்ட்ல விடறேன்."

தரணி திரும்பி வந்தான். பக்கத்து சீட்டில் உட்கார்ந்தான். முதல் வேகத்தடையில் கார் தூக்கிப் போட்டது. முன்னால் டேஷ்போர்டைப் பிடிக்க வேண்டியிருந்தது. பிடிக்கவில்லை. இரண்டு கைகளையும் தொடைகளுக்கு நடுவே இறுக்கி வைத்துக்கொண்டிருந்தான், பேருந்து நிலையம் வரும் வரை.