பந்தியில் நாற்பது நொடி

முதல் உதையில் கம்ப்யூட்டர் திரை நீலமானது. இரண்டாவது உதையில் அணைந்தே போனது.

மூன்றாவது உதை ஸ்டுடியோக்காரர் அருள்நாதனுக்கு. விலாவைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் சரிந்தார்.

"ரிப்பேர் பாக்குறவன வரச் சொல்லு," என்றான் சோலைமுத்து.

பிராங்க்ளின் தன் சி.பி.யு.வை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தபோது, மேசைமேல் அரிவாள் கிடந்தது. திண்டுக்கல்லில் இந்தத் தொழிலுக்கு வந்த ஆறு வருஷத்தில் எலி கடித்த வயரைப் பார்த்திருக்கிறான், பல்லி செத்துக் கிடந்த மதர்போர்டைப் பார்த்திருக்கிறான். அரிவாளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்க்ரூ கழற்றியதில்லை.

விஷயம் ஊருக்கே தெரிந்ததுதான். இரண்டு மாதத்துக்கு முன்னால் தாடிக்கொம்பில் ஒரு கல்யாணம். இரண்டாம் தடவை சாம்பார் வரவில்லை என்று பந்தியில் கிளம்பிய பேச்சு, நாற்காலி வீச்சாகி வெட்டுக்குத்தில் முடிந்தது. சோலைமுத்துவின் தம்பி ஆனந்த்ராஜ் கழுத்தில் வெட்டுப்பட்டு, சாப்பிட்ட பந்தியிலேயே செத்தான்.

பந்தியில் எதிர்த்து மோதிய மலைச்சாமி கையில் அரிவாள் இருந்ததைப் பார்த்தவர்கள் உண்டு. அவன் வெட்டியதைப் பார்த்தவர்கள் இல்லை. நேற்றுதான் ஜாமீனில் வந்திருக்கிறான்.

போலீஸ் கேட்டபோது அருள்நாதன் கல்யாண டேப்பை எடுத்துக் கொடுத்தார். அதில் ஆத்தூர்க் காதுகுத்து ஓடியது. படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு அதே டேப்பில் அடுத்த விசேஷத்தை எடுத்துவிடுவது அவர் வழக்கம். கம்ப்யூட்டரில் ஒரு பிரதி இருப்பதை மட்டும் சொல்லவில்லை. கோர்ட்டுப் படி ஏற அவ்வளவு பயம்.

அது எப்படியோ இன்று சோலைமுத்துவின் காதுக்குப் போய்விட்டது. வந்தவனுக்கு, கம்ப்யூட்டர் திறந்து முடிக்கும்வரை பொறுமை இல்லை.

"படம் வந்தாகணும் அப்பு. அதுல மலைச்சாமி வெட்டுறது தெரிஞ்சுச்சுன்னா, பொழுது சாயறதுக்குள்ள அவன் தல தரையில கெடக்கும். ஆள் மாத்தி வெட்டிரக் கூடாதுல்ல, அதுக்குத்தான் பாக்குறேன்."

என்ன ஒரு நியாயஸ்தன்.

பிராங்க்ளின் சுவிட்சைப் போட்டான். நீலத்திரை. மறுபடி போட்டான். மறுபடியும் நீலம். சேஃப் மோடிலும் எழுந்திருக்கவில்லை. விண்டோஸ் செத்துவிட்டது. ஒரு தலை தப்பியது என்று மனசுக்குள் மாதாவுக்கு நன்றி சொன்னான்.

ஆனால் கை பழக்கத்துக்கு வேலை செய்தது. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றித் தன் சி.பி.யு.வில் இரண்டாவது டிஸ்க்காக மாட்டியது. சி டிரைவ் குப்பை. டி டிரைவ் முழுசாக இருந்தது. 'படத்தை எப்பவும் டியில வைங்க, விண்டோஸ் செத்தாலும் படம் சாகாது' என்று அருள்நாதனுக்குச் சொல்லிக்கொடுத்ததே அவன்தான்.

திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, சத்தத்தை அடைத்துவிட்டு, பந்தியைத் தேடிப் பிடித்து ஓட்டினான். நாற்பது நொடி. பார்த்தான். மூடினான்.

"போச்சுண்ணே. ஒண்ணுமே வரல."

சோலைமுத்து அவன் தலைமுடியைப் பிடித்து முகத்தைக் கீபோர்டில் மோதினான். ஒரு பல் தெறித்தது. எழுத்துகளுக்கிடையே ரத்தம் இறங்கியது.

"இப்ப பாரு."

"போச்சுண்ணே."

அவனுடைய இடது கையை மேசையில் விரித்து வைத்து, அரிவாளின் பின்பக்கத்தால் ஓங்கி ஒரு போடு. இரண்டு விரல்கள் முறிந்த சத்தம் அருள்நாதனுக்கே கேட்டது. அவர் கண்ணை மூடிக்கொண்டு அழுதார். பிராங்க்ளின் அலறினானே தவிர, சொன்னதை மாற்றிச் சொல்லவில்லை.

சோலைமுத்துவுக்கு அலுத்துவிட்டது. அரிவாளை முதுகில் செருகினான்.

"சரி, விடு. சந்தேகத்தோடயே வெட்டிட்டுப் போறேன்."

வெளியே பைக் உறுமியது. மலைச்சாமி வீட்டுக்குப் போகக் கால்மணி நேரம்கூட ஆகாது. பிராங்க்ளின் எழுந்து வாசலுக்கு ஓடினான்.

"அண்ணே, இருக்குண்ணே. படம் இருக்கு. வாங்க."

உள்ளே வந்த சோலைமுத்து பக்கம் திரையைத் திருப்பி வைத்துவிட்டு ஓடவிட்டான்.

கேமரா விளக்கின் வெளிச்சத்தில் நாற்காலிகள் பறக்கின்றன. சமையல்கட்டிலிருந்து தேங்காய் வெட்டும் அரிவாளோடு சோலைமுத்து வருகிறான். எதிரே மலைச்சாமி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை முகத்துக்குக் கேடயமாகப் பிடித்தபடி பின்வாங்குகிறான். இருவருக்கும் நடுவே நாலு முழம் இடைவெளி.

பின்னாலிருந்து ஆனந்த்ராஜ் ஓடி வருகிறான். எச்சில் கையோடு இலைகளைத் தாண்டித் தாண்டி வருகிறான். வந்து, அண்ணனைத் தோளில் பிடித்துப் பின்னால் இழுக்கிறான்.

யாரோ எதிராளி என்று நினைத்திருக்க வேண்டும். சோலைமுத்து திரும்பிக்கூடப் பார்க்காமல் அரிவாளைப் பின்னால் வீசுகிறான். அது பின்னால் நிற்பவன் கழுத்தில் பட்டு, கையிலிருந்து நழுவித் தரையில் விழுகிறது. வெறுங்கையோடு மலைச்சாமி மேல் பாய்கிறான். கட்டிப் புரண்டு எழுந்த மலைச்சாமி, தரையில் கிடந்த அரிவாளை எடுக்கிறான். அதற்குள் ஆனந்த்ராஜ் விழுந்துவிட்டான்.

படம் முடிந்தது.

அடுத்த வெட்டு தனக்குத்தான் என்று பிராங்க்ளின் குனிந்துகொண்டான். ஒன்றும் விழவில்லை.

"மறுபடி போடு," என்றான் சோலைமுத்து.

போட்டான்.

"முழுசா வேணாம். அவன் ஓடி வர்ற எடத்துல இருந்து போடு."

போட்டான். முடிந்ததும் திரும்பப் போட்டான். எத்தனை தடவை என்று பிராங்க்ளினுக்குக் கணக்கில்லை. விரல்கள் வீங்கிக்கொண்டிருந்தன. சோலைமுத்து திரைக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"தோள்ல கை வைக்கிறான்ல அப்பு. அங்கன நிப்பாட்டிரு."

பிராங்க்ளின் நிறுத்தினான்.