கோதுமை டானிக்

“சத்தியமா கோதுமை டானிக்குங்க ஏட்டய்யா!” என்றான் மூட்டை தூக்கும் பாவாடை.

செஞ்சி கடைவீதியில் சிரிப்பு கிளம்பியது. ஏட்டு கோதண்டராமன் மட்டும் சிரிக்கவில்லை. பாட்டிலைத் திறந்து மூக்கருகே கொண்டுபோனார். பதினாறு வருஷமாக மதுவிலக்குக் கேஸ் பிடிக்கிற மூக்கு. ஒரு தடவை இழுத்ததுமே தெரிந்துவிட்டது. விஸ்கி. அசல் சீமைச் சரக்கு.

“எந்த டாக்டர்டா இந்த டானிக்கை எழுதிக் குடுத்தாரு?”

“டாக்டர் இல்லீங்க. ஞாயித்துக்கெழமை ஒரு வெள்ளக்காரரும் அவரு சம்சாரமும் கோட்டை பாக்க வந்தாங்க. ராஜகிரி உச்சி வரைக்கும் நான்தான் கூட்டிட்டுப் போனேன். கெளம்பறப்ப இதக் கையில வெச்சாங்க. இன்னா இதுன்னு கேட்டேன். வீட்டு, வீட்டுன்னாரு.”

“வூட்டையா எழுதிக் குடுத்துட்டுப் போனாரு?” என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

“அட, ரேஷன் மூட்டை மேல இங்கிலீசுல போட்டிருக்குமே, அந்த வீட்டு. கோதுமை. படம்கூட இருக்குது, பாருங்க.”

லேபிளில் நிஜமாகவே ஒரு கோதுமைக் கதிர் இருந்தது. ரேஷனில் அரிசியைக் குறைத்து அமெரிக்கக் கோதுமை போட்டுக்கொண்டிருந்த வருஷம். நாளெல்லாம் அந்த மூட்டையைச் சுமக்கிறவன் அப்படி நினைத்ததில் அதிசயமில்லை.

“வூட்ல அதுக்கு ஒம்பதாம் மாசம். புள்ள பெத்ததும் தெம்புக்குக் குடுக்கலாம்னு வெச்சிருந்தேங்க.”

அவன் பொய் சொல்லவில்லை என்று ஏட்டுக்குப் புரிந்தது. ஆனால் புகார் கொடுத்த டீக்கடை தனகோட்டி எதிரிலேயே நிற்கிறான். ஊரே பார்க்கிறது. சட்டமோ பாட்டில் யாரிடம் இருந்தது என்று மட்டும்தான் கேட்கும். பாவாடை ஜெயிலுக்குப் போனால் அந்தப் பெண்ணைப் பிரசவத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேறு நாதியில்லை.

‘நான் என்ன செய்ய?’ என்று நினைத்தபடியே ஏட்டு மகஜர் எழுதி முடித்தார். இரண்டு சாட்சிக் கையெழுத்து வேண்டும்.

முதல் சாட்சிக்கு அலைய வேண்டியதில்லை. பாட்டில் அகப்பட்டதே பாவாடை வேலை பார்க்கும் வாசுபூஜ்ய நயினாரின் தானிய மண்டியில்தான். மேல்சித்தாமூர்க்காரர், ஜைனர். தண்ணீரைக்கூடத் துணியில் வடிகட்டித்தான் குடிப்பார். தேனைத் தொடமாட்டார். பொழுது சாய்ந்தால் சாப்பாடு கிடையாது. அறுபது வயதுக்குள் அவர் ஒரு பொய் சொன்னதாக எதிரிகூடச் சொன்னதில்லை. அவர் கையெழுத்து இருந்தால் கோர்ட்டில் மறு கேள்வி வராது.

“நயினாரே, இது போதைச் சரக்குன்னு எழுதியிருக்கேன். ஒரு கையெழுத்துப் போடுங்க.”

“இன்னான்னு தெரியாம எப்படிப் போடறது ஏட்டய்யா?”

நயினார் பாட்டிலை வாங்கினார். யாரும் தடுப்பதற்குள் அண்ணாந்து, உதட்டில் படாமல் ஒரு வாய் ஊற்றிக்கொண்டார்.



நயினாரின் காதுமடல் சிவந்தது. கண்ணில் தண்ணீர் கட்டியது. ஓர் இருமல் தொண்டை வரைக்கும் வந்து, அவர் விடாததால் திரும்பிப் போயிற்று. மேல்துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

“கோதுமையில செஞ்சதுதான். ஆனா புளிக்க வெச்சது. புள்ள பெத்தவளுக்கு ஆகாது. கொட்டிடு பாவாடை.”

“நயினாரே, சாராயமா இல்லையா? அதச் சொல்லுங்க.”

“சாராயம் எப்படி இருக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்?”

கொல்லென்று சிரித்தது கூட்டம். நயினாரே குடித்துவிட்டார்; இனி அது டானிக்தான்.

ஏட்டு தனகோட்டியைப் பார்த்தார். “நீ போடறியா கையெழுத்து?”

“நயினார் குடிச்சத நான் சாராயம்னு எழுதிக் குடுத்தா, எங்கடையில எவன் டீ குடிப்பான்?” என்று தனகோட்டி நழுவினான்.

மகஜரைக் கிழித்தபோது ஏட்டுக்கு உள்ளுக்குள் நிம்மதிதான். கூடவே ஒரு சங்கடம். பாவம், வெள்ளந்தி மனுஷர், தெரியாமல் குடித்துவிட்டார். இந்த விஷயத்தை உயிருள்ளவரை வெளியே விடக் கூடாது என்று முடிவு செய்துகொண்டார்.

மறுநாள் மத்தியானம் மண்டிக்குப் போனபோது பாவாடை வாசலிலேயே ஓடி வந்தான்.

“நீங்களாச்சும் சொல்லுங்க ஏட்டய்யா. மொதலாளி இன்னிலேருந்து மூணு மாசத்துக்குத் தெனம் ஒரு வேளைதான் சாப்பிடுவாராம். ஏன்னு கேட்டா, போயி வேலையப் பாருங்கறாரு.”

அது விஸ்கி என்று எவனோ நயினாரிடம் போட்டுக் கொடுத்துவிட்டான்! ஏட்டு உள்ளே போய் நயினாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“எவன் வந்து சொன்னான்னு தெரியல. மனசப் போட்டு அலட்டிக்காதீங்க. தெரியாம குடிச்சது பாவமில்ல.”

“தெரியாமயா?” நயினார் சிரித்தார். “எனக்கும் மூக்கு இருக்குது ஏட்டய்யா. தெரிஞ்சுதான் குடிச்சேன்.”

மூட்டை தூக்குகிறவன் ஒருவனுக்காக, வாழ்நாளெல்லாம் காத்த விரதத்தைக் கடைவீதியில் வைத்து உடைத்திருக்கிறார். அப்போதும் ஒரு வார்த்தை பொய் சொல்லவில்லை. ஏட்டு உட்கார்ந்தபடியே கையெடுத்துக் கும்பிட்டார்.

“ஒரு குடும்பத்தக் காப்பாத்தக் குடிச்சீங்க. அதுக்கு எதுக்கு நயினாரே இந்தத் தண்டனை?”

“குடிச்சதுக்கு இல்ல.” நயினார் வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார். “நல்லா இருந்துச்சு ஏட்டய்யா. அதுக்கு.”