கனடா சார் வந்தால் ஃபெயில்

பாலகுரு தனியாக டெஸ்ட் செய்தால் அந்தச் சர்க்யூட் போர்டு சமர்த்தாகப் பாஸாகும். கனடா சார் பக்கத்தில் வந்து நின்றால் ஃபெயிலாகும்.

விண்வெளித் தொலைநோக்கிக்குள் போகவிருக்கும் போர்டு அது. துபாய் அல் குசைஸ் லேபில் ஒரு பெட்டிக்குள் வைத்து அதை அடுப்பாகக் காய்ச்சுவார்கள், பனியாக உறைய வைப்பார்கள். மேஜை மேலிருக்கும் மீட்டர் ரிசல்ட்டைச் சொல்லும்.

“நான் பொய் ரிசல்ட் எழுதுறேன்னு நினைச்சிட்டாரு பாய். இன்னிக்கும் ஃபெயிலானா விசா கேன்சலாம்!”

“அவரு கார் வந்தாச்சு. யல்லா, ஓடு!” என்றார் வாசலில் கூட நின்ற பக்கத்து மேஜை ராஜிக்.

பாலகுரு அலறியடித்து உள்ளே ஓடினான்.

கனடா சார், அதாவது யாழ்ப்பாணத்துப் பரராஜசிங்கம், கோட்டை இறுக்கியபடி வந்து நின்றார். பாலகுருவின் பற்கள் அடித்துக்கொண்ட சத்தம் ஷார்ஜா வரை கேட்டிருக்கும். சாருக்கோ கோபத்தில் கைகால் எல்லாம் உதறியது.

மீட்டர் முள் சரிந்தது. ஃபெயில்!

“கள்ள ரிசல்ட்டே தம்பி இவ்வளவு நாளும் எழுதினனீர்?” என்று மீட்டரில் ஓங்கித் தட்டிய சார், கையை வெடுக்கென்று இழுத்தார். “ஐஸ் மாதிரிக் கிடக்கு!”

நிமிர்ந்து பார்த்தார். நேர் மேலே ஏசி சூறாவளியாக வீசிக்கொண்டிருந்தது.

“போர்டில பிழையில்லை. இந்தக் குளிரில மீட்டர்தான் பொய் சொல்லுது. நீர்தானே ஏசியை இப்பிடி வச்சது?”

“நான்தான் சார். உங்க கார் வந்ததும் ஓடியாந்து ஃபுல்லா வச்சிடுவேன். பனி ஊர்லேருந்து வந்தவரு, வேர்த்துடக் கூடாதேன்னு…”

“அட பாவி! உமக்குத்தான் வெக்கை தாங்காதெண்டு நானும் இவ்வளவு நாள் நடுங்கிக்கொண்டு நிண்டனான். கனடாக் குளிருக்குத் தப்பத்தான் தம்பி நான் துபாய்க்கே வந்தனான்!”